விற்பனை வரியை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த வழியில் ஏற்றுவது?

வரி 5 சதவீதத்திலிருந்து 8 ஆகிறது என்று செய்தி வந்தால் விலை 3 சதவீதம் ஏறும் என்று எல்லோரும் மனக்கணக்குப் போடுவோம். அது தப்பு, ஆனால் சின்னத் தப்பு. 105 கொடுத்த இடத்தில் 108 கொடுக்கிறோம், அதாவது 2.86 சதவீதம். பெரிய தப்பு வேறு: வரியால் பணவீக்கம் 3 சதவீதம் கூடிவிட்டது, இனி வருஷா வருஷம் இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது. வரியை ஏற்றுகிற அரசாங்கமும் இதற்கு நேர் எதிரான ஒரு தப்பைச் செய்யும். ஒரே ஒரு தடவை விலை ஏறும், ஒரு வருஷத்தில் பணவீக்கம் பழையபடி இறங்கிவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லும். இறங்குவது உண்மைதான், ஆனால் என்ன இறங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சவுதி அரேபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலை 1 அன்று அங்கே விற்பனை வரி, அவர்கள் வைத்த பெயரில் மதிப்புக் கூட்டு வரி, 5 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 15 ஆனது. ஜூனில் 0.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஜூலையில் 6.1 சதவீதம். அதற்கப்புறம் ஒரு வருஷம் முழுக்க ஐந்து, ஆறு என்ற அளவிலேயே ஓடியது, 2021 ஜூனில்கூட 6.2. அடுத்த மாதம், ஜூலை 2021, திடீரென்று 0.4. அந்த ஒரு மாதத்தில் கடைகளில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. போன வருஷம் இதே மாதத்து விலையோடு ஒப்பிட்டுத்தானே பணவீக்கம் சொல்கிறார்கள், அந்தப் போன வருஷத்து விலையிலும் இப்போது 15 சதவீத வரி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். விலை மாடி ஏறி அங்கேயே நின்றுவிட்டது, ஏறிக்கொண்டிருப்பது மட்டும்தான் நின்றது. வாங்குகிறவருக்குப் பழைய விலை திரும்பி வரவே இல்லை.

சரி, விலை ஏறியதும் சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று எல்லோரும் கேட்டிருந்தால்? கேட்டுக் கிடைத்திருந்தால் அந்தச் சம்பளச் செலவு அடுத்த சுற்று விலையில் ஏறியிருக்கும், பணவீக்கம் 0.4-க்கு இறங்கியிருக்காது. சவுதியில் நடந்தது இதற்குத் தலைகீழ். வரி ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னால், ஜூனிலிருந்தே, அரசு ஊழியர்களுக்குக் கொடுத்துவந்த விலைவாசிப் படியையும் நிறுத்திவிட்டார்கள். ஆக, விற்பனை வரி உயர்வு பணவீக்கமாக மாறாமல் அடங்கிப்போகிறது என்றால், யாரோ ஒருவர் அந்தச் சுமையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார், அடுத்தவர் தலைக்கு மாற்ற முடியவில்லை என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வரியை ஏற்றும் வழிகளை ஒப்பிட வேண்டும். விலை எவ்வளவு ஏறும் என்று கேட்பது பாதிக் கேள்வி. ஏறிய விலையை யார் சுமப்பார்கள், யார் தட்டிவிடுவார்கள் என்பது மீதிப் பாதி.

முதல் வழி, ஒரே நாளில் முழு உயர்வையும் போட்டுவிடுவது. இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. கடைக்காரர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள்: வரி மாறும் நாளுக்கு முந்தைய ராத்திரி பில் போடும் மென்பொருளில் விகிதத்தை மாற்ற வேண்டும், அலமாரியில் ஒட்டிய விலைச்சீட்டை எல்லாம் கிழித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும், பழைய வரியில் விற்ற பொருளை வாடிக்கையாளர் அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவந்தால் எந்த விகிதத்தில் பணத்தைத் திருப்புவது என்று கணக்குப் பார்ப்பவரிடம் கேட்க வேண்டும், முன்பணம் போன மாதம் வாங்கி சரக்கு இந்த மாதம் கொடுத்தால் எந்த வரி என்று தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இதை ஒரு தடவை செய்வதே போதும். அதோடு, எப்படியும் சீட்டை மாற்றப்போகிறோமே என்ற நினைப்பில், ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட மற்ற விலை உயர்வுகளையும் சந்தடி சாக்கில் சேர்த்துவிடுகிற ஆசை எல்லாக் கடைக்காரருக்கும் வரும். 99 என்று விலை போட்டிருந்தவரைப் பாருங்கள். 5-லிருந்து 8 ஆகிற வரியினால் அது 101.80 ஆக வேண்டும். 101.80 என்று யாராவது விலை ஒட்டுவார்களா? ஒன்று, 99-லேயே நிறுத்திவிட்டுப் பொட்டலத்தில் எடையைக் குறைப்பார், இல்லையென்றால் நேரே 109-க்குத் தாவுவார். வரி ஏறியது 3 சதவீதத்துக்கும் கீழே, விலை ஏறியது 10 சதவீதம். ஒரு தடவை ஏற்றினால் இந்த ஆட்டம் ஒரு தடவை நடக்கும், மூன்று தவணையாக ஏற்றினால் மூன்று தடவை.

எதிராகச் சொல்ல வேண்டியது ஜப்பானில் நடந்தது. 2014 ஏப்ரல் 1 அன்று அங்கே நுகர்வு வரி 5-லிருந்து 8 ஆனது. ஏறப்போகும் தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மக்கள் கார், குளிர்சாதனப் பெட்டி, ஏன், பல மாதத்துக்கு வேண்டிய காகிதமும் சோப்பும்கூட முன்னாலேயே வாங்கி அடுக்கிவிட்டார்கள். ஏப்ரலில் கடைகள் காற்று வாங்கின. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் பொருளாதாரம் ஆண்டு விகிதக் கணக்கில், அதாவது அதே வேகம் ஒரு வருஷம் நீடித்தால் என்ற கணக்கில், சுமார் 7 சதவீதம் சுருங்கியது. புதுக் காய், மீன் போன்றவற்றை நீக்கிவிட்டுப் பார்க்கிற பணவீக்கம் மே மாதம் 3.4 சதவீதத்தைத் தொட்டது. அதில் சுமார் 2 புள்ளி வரியால் மட்டும் வந்தது என்று அந்நாட்டு மத்திய வங்கியான ஜப்பான் வங்கியே கணக்குச் சொன்னது. பத்து, இருபது வருஷமாக விலை ஏறாமல் தவித்த நாடு, 2 சதவீதப் பணவீக்கம் வேண்டும் என்று மத்திய வங்கியே ஏங்கிக்கொண்டிருந்த நாடு, ஆனாலும் இந்த ஏற்றம் அவர்கள் கேட்ட ஏற்றம் இல்லை. சம்பளம் அதே அளவு ஏறவில்லை, அதனால் வரியின் விளைவு கணக்கிலிருந்து விழுந்ததும் பணவீக்கமும் மறுபடி சுழியத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

தவணை வழியின் பெரிய ஆபத்தும் இதே ஜப்பான் கதையில்தான் இருக்கிறது. 8 என்பது முதல் தவணை, 2015 அக்டோபரில் 10 ஆக்குவதாகத் திட்டம். முதல் தவணையின் அடியைப் பார்த்துப் பயந்துபோய் அதை 2017 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள், அப்புறம் 2019 அக்டோபருக்குத் தள்ளினார்கள். ஒன்றரை வருஷத்தில் முடிய வேண்டியது ஐந்தரை வருஷம் இழுத்தது. முதல் படியில் கால் தடுக்கினால் இரண்டாவது படி ஏற யாருக்கும் மனதுவராது. வரி வருமானத்தை நம்பிச் செலவுத் திட்டம் போட்டவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள், வாங்குகிறவர்களோ எப்போது ஏறும் என்று தெரியாமல் ஒவ்வொரு அறிவிப்புக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஒழுங்காகத் தவணை போட்ட உதாரணமும் உண்டு. சிங்கப்பூர் தன் சரக்கு சேவை வரியை 2023 ஜனவரி 1 அன்று 7-லிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1 அன்று 9 ஆகவும் ஏற்றியது. ஏற்றப்போகிறோம் என்பதை 2018-லேயே சொல்லிவிட்டார்கள், தேதியை 2022 பட்ஜெட்டில் உறுதி செய்தார்கள், கூடவே குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பல வருஷம் பணமாகப் போய்ச் சேரும் ஒரு உதவித் தொகுப்பையும் அறிவித்தார்கள், வரியைச் சாக்காக வைத்து விலையை ஏற்றுகிறவர்கள் மேல் புகார் வாங்க ஒரு குழுவையும் உட்காரவைத்தார்கள். முதல் தவணையின்போது அடிப்படைப் பணவீக்கம் (வீட்டு வாடகையையும் சொந்த வாகனச் செலவையும் நீக்கிவிட்டுப் பார்ப்பது) டிசம்பரில் 5.1, ஜனவரியில் 5.5. இரண்டாவது தவணையின்போது வேடிக்கை: டிசம்பரில் 3.3, வரி ஏறிய ஜனவரியில் 3.1. முதல் தவணையின் ஒரு புள்ளி அதே மாதம் ஒப்பீட்டிலிருந்து வெளியே போக, இரண்டாவது தவணையின் ஒரு புள்ளி உள்ளே வந்தது, இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிட்டன. வருஷத்துக்கு ஒன்று என்று சரியாகப் பன்னிரண்டு மாத இடைவெளியில் தவணை போட்டால் பணவீக்கக் கணக்கு இப்படிச் சமனாகத் தெரியும், வாங்குகிறவர் மட்டும் இரண்டு தடவையும் கூட்டிக் கொடுத்திருப்பார். தவணை முறையை அரசாங்கங்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, போகட்டும்.

அடுத்து, எல்லோருக்கும் பிடித்த வழி: அத்தியாவசியப் பொருளைத் தொடாமல் மற்றதற்கு மட்டும் ஏற்றுவது. கேட்க நியாயமாக இருக்கிறது. விலைவாசியைப் பற்றி நமக்கு வருகிற எண்ணமே அடிக்கடி வாங்குகிற பொருளிலிருந்துதான் வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கும் போன் விலை ஏறியதை மறந்துவிடுவோம், வாரா வாரம் வாங்கும் சாப்பாட்டுச் சாமான் ஏறினால் ஊரே பேசும். அதைத் தொடாமல் விட்டால் விலை ஏறிக்கொண்டே போகிறது என்ற பேச்சு அடங்கும், சம்பளம் கூட்டிக் கேட்கிற வேகமும் குறையும், அந்த வகையில் இது பணவீக்கத்துக்கு நிஜமான தடுப்புதான். ஜப்பான் 2019-இல் 10 ஆக்கியபோது உணவை 8-லேயே நிறுத்தியது, அட்டையிலும் போனிலும் பணம் கட்டுகிறவர்களுக்கு சில மாதம் கழிவும் கொடுத்தது, மழலையர் கல்வியையும் அதே மாதம் இலவசமாக்கியது. 2014 போல விலைக் குறியீடு துள்ளவில்லை.

ஆனால் இந்த வழியில் இறங்கினால் எந்தப் பொருள் அத்தியாவசியம் என்கிற வழக்குக்கு முடிவே கிடையாது. அதே ஜப்பானில் வாங்கிக்கொண்டு வெளியே போனால் 8, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. கனடாவில் டோனட் ஐந்து வாங்கினால் வரி, ஆறு வாங்கினால் வரி இல்லை, ஆறு என்றால் அது மளிகை, ஐந்து என்றால் நொறுக்குத்தீனி. பிரிட்டனில் கேக்குக்கு வரி கிடையாது, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு, அதனால் சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் என்ற தின்பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்று 1991-இல் தீர்ப்பாயம் வரைக்கும் போய் வாதாடினார்கள். கேக்தான் என்று தீர்ப்பு வந்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த வாதத்துக்கெல்லாம் வக்கீல் செலவு எந்த விலையில் சேரும் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு நுணுக்கம் உண்டு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வரி இல்லை என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பூஜ்ய விகிதம்: விற்பனைக்கு வரி பூஜ்யம், ஆனால் விற்பவர் தான் வாங்கிய சரக்குக்கும் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் கட்டிய வரியை அரசிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று விலக்கு: விற்பனைக்கு வரி கிடையாது, ஆனால் கட்டிய உள்ளீட்டு வரியும் திரும்பக் கிடையாது. ஒருவர் 60-க்கு மூலப்பொருளும் மற்றதும் வாங்கி அதற்கு 10 சதவீத வரியாக 6 கட்டியிருக்கிறார், 100-க்கு விற்கிறார் என்று வையுங்கள். பூஜ்ய விகிதம் என்றால் அந்த 6 திரும்பி வந்துவிடும், விலை நூறிலேயே நிற்கும். விலக்கு என்றால் அந்த 6 அவர் செலவில் ஏறிவிடும், விலை 106-ஐ நோக்கி நகரும், பில்லில் மட்டும் வரி என்ற வரியே இருக்காது. இப்போது பொது விகிதத்தை 10-லிருந்து 15 ஆக்கினால், விலக்குப் பெற்ற பொருளுக்கும் ஒளிந்திருக்கும் வரி 6-லிருந்து 9 ஆகும். அத்தியாவசியத்தைத் தொடவில்லை என்று அமைச்சர் சொல்வார், பில்லும் அதைத்தான் சொல்லும், விலை மட்டும் கேட்காது. அதனால் உங்கள் நாட்டில் யாராவது இந்தப் பொருளுக்கு வரி கிடையாது என்று மார்தட்டினால், பூஜ்யமா விலக்கா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரி போட்டு எதையுமே திரும்பக் கொடுக்காத பழைய பாணி விற்றுமுதல் வரியில் நிலைமை இன்னும் மோசம், வரிமேல் வரி என்று அடுக்கிக்கொண்டே போகும். அந்த முறையை வைத்துக்கொண்டு விகிதத்தை ஏற்றலாமா என்று யாராவது கேட்டால் முதலில் முறையை மாற்றுங்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விலக்கே இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வரி போட்டு, கையில் பணமாக ஈடுகட்டுவது இதற்கு மாற்று. நியூசிலாந்து இந்த வழிக்குப் பேர்போனது, அங்கே சாப்பாட்டுச் சாமானுக்கும் வரி உண்டு. 2010 அக்டோபரில் 12.5 சதவீதத்தை 15 ஆக்கினார்கள், அதே நாளில் வருமான வரியைக் குறைத்தார்கள், உச்ச விகிதம் 38-லிருந்து 33 ஆனது, ஓய்வூதியத்தையும் உதவித்தொகைகளையும் ஏற்றினார்கள். 115-ஐ 112.5-ஆல் வகுத்தால் உயர்வு 2.2 சதவீதம். அந்தக் காலாண்டில் விலைக் குறியீடு 2.3 சதவீதம் ஏறியது. வரி கிட்டத்தட்ட முழுசாக விலையில் போய் உட்கார்ந்துவிட்டது என்றே இதைப் படிக்கலாம். யாரும் வட்டியை ஏற்றிக்கொண்டு ஓடவில்லை, மறைமுக வரியால் வரும் விலை ஏற்றத்தை அந்நாட்டு மத்திய வங்கியான ரிசர்வ் வங்கி கண்டுகொள்ளாமல் விடலாம் என்று அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டிலேயே எழுதியிருந்தது. உச்ச விகிதம் குறைந்ததில் அதிகம் சம்பாதிப்பவர்களுக்குத்தான் லாபம் என்று அங்கே சண்டையும் நடந்தது, அது நியாயமான சண்டை. இருந்தாலும் கையில் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்காவது தெரியும். சாப்பாட்டுக்கு வரியை நீக்கினால் பெரிய வண்டி நிறைய வாங்குகிறவருக்கும் அதே சலுகை போகிறது, தொகையாகப் பார்த்தால் அவருக்குத்தான் கூடுதலாகவே போகிறது.

ஜெர்மனி 2007 ஜனவரியில் செய்தது இதன் இன்னொரு வடிவம். 16-ஐ 19 ஆக்கினார்கள், ஆனால் வந்த பணத்தில் ஒரு பங்கை வைத்து, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டும் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை 6.5 சதவீதத்திலிருந்து 4.2 ஆக இறக்கினார்கள். ஆள் வைத்துக்கொள்ளும் செலவு குறைவதால் நிறுவனங்கள் வரி முழுவதையும் விலையில் ஏற்ற வேண்டிய கட்டாயம் கொஞ்சம் தளர்கிறது, தொழிலாளி கைக்கும் சற்றுக் கூடுதலாக வருகிறது. விலை ஏற்றமும் ஒரே நாளில் வெடிக்கவில்லை. 2005 நவம்பரிலேயே அறிவித்துவிட்டதால் 2006 முழுக்கவே கடைக்காரர்கள் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அந்த வருஷம் மக்களும் பெரிய சாமான்களை முன்னாலேயே வாங்கினார்கள். நீண்ட முன்னறிவிப்பு நல்லதா கெட்டதா என்றால் இரண்டும்தான்: ஏற்றம் பரவலாகிறது, ஆனால் வரி அரசுக்கு வருவதற்கு முன்னாலேயே விலை வாங்குகிறவரிடமிருந்து போக ஆரம்பித்துவிடுகிறது.

இப்போதைக்கு ஏற்றுகிறோம், நிலைமை சரியானதும் குறைக்கிறோம் என்று ஒரு வழி சொல்வார்கள், அதற்கு நான் ஓட்டுப்போட மாட்டேன். ஃபின்லாந்தில் முடிதிருத்தும் சேவைக்கு 2007-இல் வரியை வெகுவாகக் குறைத்து, 2012-இல் அதே அளவு ஏற்றினார்கள். அதை ஆராய்ந்தவர்கள், வரி ஏறியபோது விலை ஏறிய அளவு வரி இறங்கியபோது விலை இறங்கிய அளவைப்போல இரண்டு மடங்கு என்று கண்டார்கள். பிரான்ஸில் 2009 ஜூலையில் உணவகங்களுக்கு 19.6-ஐ 5.5 ஆக்கினார்கள், வரியில் 14 புள்ளி குறைந்தும் சாப்பாட்டு விலையில் குறைந்தது சொற்பம். ஏறும்போது லிஃப்ட், இறங்கும்போது படிக்கட்டு.

இவ்வளவு சொன்னபிறகும், எந்த வழி என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிரிட்டனின் இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

1979 ஜூனில் ஜெஃப்ரி ஹவ் நிதியமைச்சராகப் போட்ட முதல் பட்ஜெட்டில் 8, 12.5 என்று இருந்த இரண்டு விகிதங்களையும் சேர்த்து 15 ஆக்கினார். சும்மா ஏற்றவில்லை, நியூசிலாந்து பின்னால் செய்த மாதிரியே வருமான வரியைக் குறைத்தார், அடிப்படை விகிதம் 33-லிருந்து 30, உச்ச விகிதம் 83-லிருந்து 60. ஏட்டில் பார்த்தால் நான் மேலே பாராட்டிய வழியேதான். ஆனால் அந்த மே மாதமே பணவீக்கம் 10.3 சதவீதம், எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது, தொழிற்சங்கங்கள் பலமாக இருந்தன, அரசு ஊழியர்களுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பெரிய சம்பள உயர்வுகள் வந்துகொண்டிருந்தன. ஜூனில் 11.4, வரி முழுசாகப் பதிந்த ஜூலையில் 15.6. விலைக் குறியீட்டைப் பார்க்காதீர்கள், வருமான வரிக் குறைப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லுவதற்காகவே வரி-விலைக் குறியீடு என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்கள், சம்பளம் பேச உட்கார்ந்தவர்கள் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 1980 மே மாதம் 21.9. வரியின் ஒரு வருஷம் முடிந்து அது கணக்கிலிருந்து விழுந்ததும் ஜூன், ஜூலைக்கு இடையில் 21.0-லிருந்து 16.9-க்கு இறங்கியது, அந்த நாலு புள்ளிதான் வரி. ஆனால் மிச்சம் 16.9 நின்றதே, ஆரம்பித்த 10.3-க்கு மேல் நின்ற அந்த ஆறரை புள்ளியில் எண்ணெய்க்கும் சம்பளத்துக்கும் பங்கு உண்டு, வரி கிளப்பிவிட்ட சம்பளப் பேச்சுக்கும் பங்கு உண்டு. நடுவில் வட்டி 17 சதவீதம் வரை போனது.

2011 ஜனவரி 4. அதே பிரிட்டன், 17.5-லிருந்து 20. ஈடு எதுவும் பெரிதாக இல்லை. பணவீக்கம் செப்டம்பரில் 5.2 வரை போனது, இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் நிதியமைச்சருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, அவர் வரி, எண்ணெய், இறக்குமதி விலை என்று காரணம் சொல்லிவிட்டு வட்டியை 0.5-லேயே வைத்திருந்தார். துணிச்சல்தான். வேலையில்லாதவர்கள் நிறைய இருந்த காலம், கூட்டிக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் பணவீக்கம் 2.2. மத்திய வங்கி ஜெயித்தது, சம்பளக்காரர்கள் வரியால் ஏறிய இரண்டு சதவீத விலையைச் சத்தமில்லாமல் சுமந்தார்கள்.

வரி 1979-இல் ஏறியது பெரிய அளவு, 2011-இல் ஏறியது சிறிய அளவு, ஆக ஒப்பீடு சரியில்லை என்று நீங்கள் சொல்லலாம். சவுதி ஏற்றியது 1979-ஐவிடப் பெரியது, அது அடங்கிப்போனது. கொதிக்கிற எண்ணெயில் ஒரு கரண்டித் தண்ணீர் விடுவதும் ஆறிய எண்ணெயில் ஒரு சொம்பு விடுவதும் ஒன்றல்ல. ஏற்கெனவே பணவீக்கம் ஏழு, எட்டு என்று ஓடிக்கொண்டிருக்கிறது, சம்பளமும் அதைத் துரத்திக்கொண்டிருக்கிறது என்றால் எந்த வழியில் ஏற்றினாலும் தப்பு, தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுவதே மேல், முடியாவிட்டால் சிங்கப்பூர் மாதிரி ஒவ்வொரு புள்ளியாக, கையில் பணத்தோடு. பணவீக்கம் தணிந்து கிடக்கிற காலம் என்றால் ஒரேயடியாக ஏற்றி, விலக்குகளைக் குறைவாக வைத்து, மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடுவது என் தேர்வு. ஜப்பான் மாதிரி பாதியில் நிற்கிற தவணைக்கு அது எவ்வளவோ மேல்.

மத்திய வங்கி என்ன செய்ய வேண்டும் என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டும் பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகமும் வரி மாறாமல் இருந்திருந்தால் விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்று தனியாக ஒரு குறியீடு வெளியிட்டு வந்திருக்கிறார்கள். அது அடங்கியிருந்தால் வட்டியைத் தொட வேண்டாம், அதுவும் ஏறத் தொடங்கினால் வரி முடிந்துபோய் வேறு ஏதோ ஆரம்பித்துவிட்டது. வரி ஏறிய முதல் மாதத்து எண்ணைப் பார்த்துக் கத்துவதைவிட நாலாவது ஐந்தாவது மாதம் சேவைகளின் விலையும் சம்பள ஒப்பந்தங்களும் எப்படிப் போகின்றன என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும்.

வீட்டுக்கு ஒரு பெரிய பொருள் வாங்க வேண்டும், அடுத்த மாதம் வரி ஏறுகிறது, இப்போதே வாங்குவதா பொறுப்பதா என்று கேட்பவர்களுக்கு: மிச்சமாகப்போவது எவ்வளவு என்று மேலே போட்ட மாதிரி வகுத்துப் பாருங்கள், 10-லிருந்து 12 என்றால் அது 1.8 சதவீதம்தான். அதற்காக 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால், ஒன்றேகால் மாதத்து வட்டியிலேயே அந்த மிச்சம் போய்விடும். எப்படியும் இந்த மாதம் வாங்குவதாகவே இருந்த பொருள், கையில் பணமும் இருக்கிறது என்றால் வாங்கிவிடுங்கள், டெலிவரி எந்தத் தேதியில் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பல நாடுகளில் பணம் கட்டிய நாளைவிடப் பொருள் கைக்கு வந்த நாள்தான் வரி விகிதத்தைத் தீர்மானிக்கிறது. மற்றவர்கள் இரண்டு மாதம் பொறுக்கலாம். எல்லோரும் முன்னாலேயே வாங்கி முடித்தபிறகு கடையில் கூட்டம் இருக்காது, அப்போது பேரம் பேசினால் 1.8 சதவீதத்துக்கு மேலேயே குறையும்.